டீச்சரைக் கேளுங்கள்: மாலத்தீவில் எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது?

(மாலத்தீவின் அரி பவளத்தீவுக் கூட்டத்தில் ஒரு தீவுப் பள்ளியில் நெடுங்காலம் கணக்கு ஆசிரியையாக இருந்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மாஃபுஷி தீவில் ஓர் அறை இரவுக்கு 60 டாலர் என்று விளம்பரம் பார்த்தேன். மாலத்தீவு என்றாலே லட்சக்கணக்கில் செலவாகும் என்கிறார்களே, இந்த விலையை நம்பலாமா டீச்சர்? நானும் மனைவியும் மட்டும்தான். — வாசகர், விருதுநகர்

நம்பலாம் தம்பி. ஆனால் கணக்குப் போட்டுவிட்டு நம்புங்கள். 60 டாலரோடு சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்தால் 66. அதன்மேல் சுற்றுலா வரி 17 சதவீதம், 2025 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம். ஆக 77 டாலர் 22 சென்ட். இதற்குப் பிறகு பசுமை வரி என்று ஒன்று தனியாக வரும். மக்கள் வசிக்கும் தீவில் 50 அறைக்கு மேற்படாத விடுதி என்றால் ஆளுக்கு, நாளுக்கு 6 டாலர். ரிசார்ட்டிலும் பெரிய விடுதியிலும் 12. உங்கள் இருவருக்கும் 12 டாலர் கூட்டினால் 89 டாலர் 22 சென்ட். 60 என்று நினைத்துப் போனவர் ஊருக்குக் கிளம்பும் நாளில் விடுதிக்காரரோடு சண்டை போடுவது இந்த இடத்தில்தான். சில இணையதளங்கள் எல்லா வரியையும் சேர்த்தே காட்டும், சில காட்டாது. பணம் கட்டும் முன் "இதில் பசுமை வரி உண்டா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க: இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கும் இந்த வரி உண்டு.

லட்சக்கணக்கில் செலவு என்பது ரிசார்ட்டுகளின் கதை. முதல் ரிசார்ட்டான குரும்பா 1972இல் வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற ஏற்பாடுதான். ஊர் மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டவர் தங்க விடுதிகள் பெருகியது 2009க்குப் பிறகுதான். என் ஓட்டு இந்த ஊர்த் தீவுகளுக்கே. விலை மட்டும் காரணமில்லை. ரிசார்ட்டில் நீங்கள் பார்க்கும் மாலத்தீவுக்காரர் உங்கள் பெட்டியைத் தூக்குகிறவராகத்தான் இருப்பார். ஊர்த் தீவில் அவர் வீட்டு வாசல் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை மாலே விமான நிலையத்தில் இறங்குகிறோம். அங்கிருந்து தீவுக்கு எப்படிப் போவது? — வாசகி, நாகர்கோவில்

வெள்ளிக்கிழமையா! முடிந்தால் தேதியை மாற்றுங்கள். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும் மலிவான படகுச் சேவை வெள்ளியன்று ஓடாது. மாற்ற முடியாதென்றால் விடுதிக்காரரிடம் சொல்லி ஸ்பீட் போட்டில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கால் மணிக்குள் சேர்ந்துவிடலாம், கட்டணம்தான் பல மடங்கு. தொலைவிலுள்ள ரிசார்ட்டுக்குக் கடல் விமானத்தில் போகிறவர்களுக்கு வேறொரு கட்டுப்பாடு: அது பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் இறங்கினால் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் ஒரு இரவு தங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் பயணக் கணக்கில் எழுதுங்கள்.

இந்தியர்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் பயணிகள் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

மூன்று வேளை உணவோடு சேர்த்து அறை எடுப்பது நல்லதா? — வாசகர், தஞ்சாவூர்

ரிசார்ட் என்றால் எடுங்கள், வேறு வழியில்லை. தீவு முழுக்க அவர்களுடையது, தண்ணீர் பாட்டிலுக்கும் அவர்கள் சொல்வதே விலை. ஊர்த் தீவில் காலை உணவு மட்டும் போதும். மூன்று வேளைக்கும் பணம் கட்டிவிட்டால் பயணிகளுக்கென்று சமைத்த காரமில்லாத நூடுல்ஸையும் பொரித்த கோழியையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவீர்கள். அதற்காகவா கடல் தாண்டிப் போவது?

காலையில் 'மஸ் ஹுனி' கேளுங்கள். புகையூட்டிய சூரை மீனை உதிர்த்து, துருவிய தேங்காய், நறுக்கிய வெங்காயம், எலுமிச்சைச் சாறு, அந்த ஊர்க் குண்டு மிளகாய் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்தது. அடுப்பில் ஏறுவதில்லை. 'ரோஷி' என்ற மெல்லிய ரொட்டியைக் கிழித்து அதோடு சாப்பிட வேண்டும். மிளகாய் விஷயத்தில் நம் ஊர் வீரத்தைக் காட்டாதீர்கள். அதன் மணம் பழம்போல இருக்கும், காரம் காதுவரை போகும்.

மதியம் 'கருதியா'. சூரை மீனை உப்பு நீரில் வேகவைத்து, நுரையை எடுத்துக்கொண்டே இருந்து, தெளிவாக இறக்கும் சாறு. சோற்றில் ஊற்றி, மீன் துண்டை உதிர்த்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, பச்சை வெங்காயத்தையும் மிளகாயையும் கடித்துக்கொள்வார்கள். நம் வீட்டு ரசம் சாதம் மாதிரிதான்; காய்ச்சல் கண்ட பிள்ளைக்கும் அதுதான், விருந்தாளிக்கும் அதுதான். பார்க்க எளிமையாக இருப்பதால் பயணிகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த நாட்டுச் சமையல் முழுவதும் இதிலிருந்துதான் கிளம்புகிறது என்பேன்.

மாலை நான்கு மணிக்குமேல் தேநீர்க் கடைக்குப் போங்கள். அங்கே 'ஹொட்டா' என்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் 'ஹெதிகா' என்ற சிற்றுண்டிகள் அடுக்கியிருக்கும்: மீனும் தேங்காயும் அடைத்த உருண்டை குல்ஹா, முக்கோணமான பஜியா, மீன் வைத்துச் சுட்ட மஸ்ரோஷி. கூடவே பால் இல்லாத தேநீர். சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை, சீவிய பாக்கு, கிராம்பு வரும். இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டாலும், பயணிகளின் கடற்கரை உணவகத்தில் ஒருவர் கொடுப்பதைவிடக் குறைவாகவே ஆகும். தொழுகை நேரத்தில் கடை சிறிது நேரம் மூடியிருக்கும், காத்திருங்கள். ரமலான் மாதத்தில் பகலில் ஹொட்டா திறக்காது. விடுதிக்குள் உங்களுக்குச் சாப்பாடு கிடைக்கும், தெருவில் நின்று சாப்பிட வேண்டாம்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா? — வாசகி, ஸ்ரீரங்கம்

பட்டினி இல்லை அம்மா, ஆனால் எச்சரிக்கை தேவை. அங்கே மீன் ஓர் உணவு என்பதைவிட உப்பு மாதிரி எல்லாவற்றிலும் இருக்கும். பஜியாவைப் பார்த்து நம் சமோசா என்று எடுத்துக் கடித்தால் உள்ளே மீன். கீரையிலும் பூசணியிலும்கூடச் சேர்ப்பார்கள். "காய்கறிதானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்றே பதில் வரும், ஏனென்றால் அவர்கள் கணக்கில் அது காய்கறிதான். "மீன் துளியும் சேர்க்காமல்" என்று முதல் நாளே சமையற்காரரிடம் நேரில் சொல்லுங்கள். விடுதிச் சமையலறைகளில் வங்கதேசத்தவர், இலங்கையர், மலையாளிகள் நிறைய உண்டு. பருப்புக் கறி என்றால் உடனே புரியும். அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போகின்றன. தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்கு ஏற்றிப்போவது பழைய வழக்கம்.

உங்களுக்கு நான் சொல்வது 'தொட்டு' (Thoddoo) என்ற தீவு. தர்ப்பூசணியும் பப்பாளியும் விளையும் தோட்டத் தீவு அது. மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டில் போகலாம். கையில் பருப்புப் பொடி, ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா எங்கே போனாலும் சிறிய பிள்ளையார் விக்கிரகம் எடுத்து வருவார். பரவாயில்லையா? — வாசகர், காரைக்குடி

வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே சுங்கத் துறை விதி. மதுவும் பன்றி இறைச்சியும் அப்படியே. விமான நிலையக் கடையில் வாங்கிய பாட்டிலையும் எடுத்து வைத்துவிடுவார்கள். ஊர்த் தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இதை ஒரு குறையாக எழுதுகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. நம் ஊர்த் தெருவில் நாமும் அதைத்தானே எதிர்பார்க்கிறோம்?

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்? — வாசகி, தூத்துக்குடி

உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த மாசிக் கருவாடுதான்! காய்ந்து கட்டையாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 'ரிஹாக்குரு' ஒரு பாட்டில் வாங்குங்கள். கருதியாவை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிய பழுப்பு விழுது, சோற்றில் ஒரு கரண்டி போதும். பவளம், ஆமை ஓடு எதையும் தொடாதீர்கள், வெளியே கொண்டுபோகத் தடை. ரிஹாக்குருவைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பெரிய பெட்டியில், பழைய துணிகளுக்கு நடுவே வையுங்கள். பட்டுப்புடவை இருக்கும் பெட்டியில் மட்டும் வேண்டாம்.