பெண், சாதி, நிறம், கூலி: சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

இன்டர்செக்‌ஷனாலிட்டி (பாலினம், சாதி, நிறம், வர்க்கம் போன்றவை ஒருவர்மேல் சேர்ந்து செயல்படுவதைப் பார்ப்பது) என்ற கருத்து ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ள உதவுகிறதா, வெறும் கல்லூரிப் பேச்சா என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். நான் பாகுபாட்டுத் தடைச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறவள். அதனால் வழக்குகள் கொஞ்சம் அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேவதி: அக்கா, இந்தச் சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்கிறார்கள். அடிப்படையில் என்னதான் சொல்ல வருகிறது?

இந்தக் கருத்துக்குக் காரணமான வழக்கைச் சொன்னால் பாதி புரிந்துவிடும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செயின்ட் லூயிஸ் ஆலை. 1964க்கு முன்பு அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. அந்த ஆண்டு குடிமை உரிமைச் சட்டம் வந்தபிறகுதான் கதவு திறந்தது. பிறகு தொழில் மந்தம், ஆட்குறைப்பு. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பது சீனியாரிட்டி விதி. 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று.

ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 1976இல் தீர்ப்பு வந்தது. பெண் என்பதால் பாகுபாடா? 1964க்கு முன்பே நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறதே என்றது நீதிமன்றம். (எடுத்தது வெள்ளையினப் பெண்களை.) இனப் பாகுபாடா? அதற்கு ஏற்கெனவே இன்னொரு வழக்கு இருக்கிறது, அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு புது வகையாகக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இதையும் இதுபோன்ற வேறு வழக்குகளையும் எடுத்து வைத்து எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பெயர் வந்தது. சீனியாரிட்டி விதியில் யார் நிறமும் எழுதியிருக்கவில்லை, ஆணா பெண்ணா என்றும் இல்லை. ஆனால் பழைய ஒதுக்கல் அந்த விதி வழியாக வந்து ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் தலையில் மட்டும் விழுந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்க்கும் கண் நீதிமன்றத்துக்கு இல்லை. கருத்தின் அடிப்படை இவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு ஏறியது.

பிரபு: அப்படியானால் கூட்டல் கணக்குதானே? பெண் ஒரு கஷ்டம், கறுப்பு ஒரு கஷ்டம், இரண்டும் சேர்ந்தால் இரட்டைக் கஷ்டம். இதற்கு எதற்கு ஒரு தியரி?

கூட்டல்தான் என்றால் உண்மையிலேயே தேவையில்லை. கூட்டல் பொய்த்துப்போகிற இடத்தில்தான் இதற்கு வேலை.

இரண்டு உதாரணங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 முதல் 2016 வரையிலான மகப்பேறு சார்ந்த மரணங்களை ஆராய்ந்தது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் மரண விகிதம், பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிட அதிகமாக இருந்தது. படிப்பு வந்தால் வருமானம் வரும், வருமானம் வந்தால் உயிர் பிழைக்கும் என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே உடைகிறது.

அடுத்தது இதற்கு நேர் எதிரான திசையில் போகிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. பொருளியலாளர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் சுமார் 2 கோடி அமெரிக்கக் குழந்தைகளின் வருமானத் தரவை வைத்துப் பார்த்தார்கள். ஒரே அளவு வருமானமுள்ள வீடுகளில் வளர்ந்த கறுப்பின, வெள்ளையின ஆண்களை ஒப்பிட்டால் கறுப்பின ஆண்கள் பெரியவர்களானதும் கணிசமாகக் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள். பெண்களிடையே அந்த இடைவெளி அநேகமாக இல்லை. கூட்டல் கணக்குப்படி 'ஆண்' என்பது சலுகை. ஆனால் கறுப்பின ஆண் என்று வரும்போது அதுவே பாரமாகிறது, சிறைக்குப் போகும் விகிதத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். ஆனால் கறுப்பினப் பெண்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தனிநபர் வருமானக் கணக்கு. குடும்ப வருமானத்தைப் பார்த்தால் அவர்களுக்கும் இடைவெளி இருக்கிறது.

ஆக, 'அதிக அடையாளம், அதிகத் துன்பம்' என்று இந்தக் கருத்தைச் சொல்லித்தருகிறவர்கள் அதைத் தவறாகச் சொல்லித்தருகிறார்கள்.

முருகேசன்: தோழர், இது உழைக்கும் வர்க்கத்தைத் துண்டு துண்டாக உடைக்கிற வேலை. முதலாளிக்குத்தான் லாபம். வர்க்கத்தைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது?

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது தோழர். இன்றைக்கு இந்தப் பேச்சில் இனம், பாலினம் எல்லாம் விரிவாக வரும், வர்க்கம் கடைசியில் ஒரு கமாவுக்குப் பின்னால் வரும். அது பெரிய குறை. ஆனால் தொடக்கம் அப்படியில்லை. கிரென்ஷாவுக்கு முன்பே, 1977இல் பாஸ்டனின் கோம்பாகி ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு இதே விஷயத்தை அறிக்கையாக எழுதியது. அவர்கள் தங்களைச் சோஷலிஸ்டுகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். பெண் விடுதலையும் இனவெறி எதிர்ப்பும் இல்லாத சோஷலிசப் புரட்சி தங்களுக்கு விடுதலை தராது என்பதுதான் அவர்கள் வாதம்.

சரி, வர்க்கம் மட்டும் போதுமா? பிரிட்டோரியாவில் மரியா மஹ்லாங்கு என்ற வீட்டுப் பணியாளர் ஒரே வீட்டில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவர். கண் பார்வை குறைவு. 2012இல் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். வேலை செய்யும் இடத்தில் விபத்து என்றால் இழப்பீடு தரும் சட்டம் தென்னாப்பிரிக்காவில் இருந்தது. அந்தச் சட்டம் வீட்டுப் பணியாளர்களைப் பெயர் சொல்லி விலக்கி வைத்திருந்தது. மகள் வழக்குப் போட்டார். 2020 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்றது. அந்த விலக்கு, இடைக்கால அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த 1994 ஏப்ரல் 27இலிருந்தே செல்லாது என்றும் சேர்த்துச் சொன்னது. இந்தத் தீர்ப்பின் முக்கிய அடிப்படைகளில் ஒன்று இன்டர்செக்‌ஷனாலிட்டிதான்.

வீட்டு வேலையைத் 'தொழில்' என்று ஏன் யாரும் எண்ணவில்லை? அது பெண் செய்யும் வேலை, அங்கே அநேகமாகக் கறுப்பினப் பெண் செய்யும் வேலை. தொழிலாளி என்ற வரையறைக்குள் யார் வருகிறார் என்பதையே இனமும் பாலினமும் சேர்ந்து முடிவு செய்திருக்கின்றன. வர்க்கத்தை உடைத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

அருண்: எங்கே நிறுத்துவது? பெண், தலித், மாற்றுத்திறனாளி, கிராமம், இடதுகைக்காரர் என்று போனால் கடைசியில் ஒவ்வொரு ஆளும் ஒரு தனி வகை ஆகிவிடுவாரே?

ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் நீதிமன்றத்துக்கும் இதே பயம். வரிசைமாற்றம், சேர்மானம் என்று கணக்குப் போட்டுப் புதுப்புது வகைகள் கிளம்பிவிடும் என்று தீர்ப்பிலேயே எழுதியது. பிறகு 1980இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கறுப்பினப் பெண்களைத் தனி வகையாக ஏற்றது. 1986இல் வாஷிங்டனில் இன்னொரு நீதிமன்றம், 'பாலினத்தோடு இன்னொன்று மட்டும், அதற்கு மேல் வேண்டாம்' என்று கோடு போட்டது. பிரிட்டன் 2010 சமத்துவச் சட்டத்தில் இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் புகார் தர ஒரு பிரிவே எழுதியது. எழுதிவிட்டு, அதை நடைமுறைக்குக் கொண்டுவராமலே விட்டுவிட்டது.

ஒன்று, இரண்டு என்று எண்ணி நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் கேட்பது வேறு. இந்தச் சேர்க்கையின் மேல் செயல்படுகிற ஒரு விதியையோ பழக்கத்தையோ நிறுவனத்தையோ உங்களால் சுட்டிக்காட்ட முடிகிறதா? சீனியாரிட்டி விதி, இழப்பீட்டுச் சட்டத்தின் விலக்கு, இப்படி ஏதாவது ஒன்று. முடிந்தால் சேருங்கள். இடதுகைக்காரருக்கு அப்படி ஒன்றும் காட்ட முடியாது, அதனால் அவரை விட்டுவிடலாம்.

தமிழ்ச்செல்வி: மேடம், இது அமெரிக்கச் சரக்கு. நம் நாட்டுக்கு எதற்கு?

பெயர் அமெரிக்கச் சரக்குதான். அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த சாதி பற்றிய கட்டுரையைப் பாருங்கள். அகமணமுறைதான் சாதியின் சாரம், அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் என்று அதில் வாதிடுகிறார். பெண்ணைக் கட்டுப்படுத்தாமல் சாதி நிற்காது என்பதை 25 வயதில் எழுதிவிட்டார்.

உங்கள் மாதிரியே கேட்டவர் பெண்ணிய அறிஞர் நிவேதிதா மேனன். 'பெண்' என்ற வகையைச் சாதியும் மதமும் இங்கே எப்போதோ குலைத்துவிட்டன, இந்தக் கருவி நமக்குப் புதிதாக ஒன்றும் தரவில்லை என்ற தொனியில் 2015இல் எழுதினார். அதே ஆண்டு இன்னொரு பெண்ணிய அறிஞர் மேரி ஜான் மறுத்து எழுதினார். நான் ஜான் பக்கம் சாய்கிறவள். விவாதத்தில் குலைத்துவிட்டோம், சரி. விதிகளில்?

இட ஒதுக்கீட்டையே எடுங்கள். 1992 மண்டல் தீர்ப்பில் சாதி ஒதுக்கீடு செங்குத்து, மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ளது கிடைமட்டம், இது அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் என்று எழுதியிருக்கிறார்கள். பெண்களுக்கான இடங்களும் கிடைமட்டம்தான். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் ரோஸ்டரில் (இடப் பங்கீட்டு வரிசையில்) 'பிசி பெண்', 'எஸ்சி பெண்' என்று பார்த்துப் பழகியிருப்பார்கள். அப்படி இருந்தும் உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில் என்ன நடந்தது? பொதுப் பிரிவுப் பெண்களுக்கான இடங்களில் கடைசியாகத் தேர்வானவரைவிட அதிக மதிப்பெண் எடுத்த ஓபிசி பெண்களுக்கு வேலை இல்லை. பொதுப் பிரிவில் பெண்களுக்கு உள்ள இடம் அவர்களுக்கு இல்லையாம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான் அதைச் சரிசெய்தது: பொதுப் பிரிவு எல்லோருக்கும் பொது, பெண்களுக்கான இடமும் அப்படியே. குறுக்கும் நெடுக்குமாக விதி எழுதத் தெரிந்த நாட்டிலும் அந்தச் சந்தியில் நிற்பவர்தான் முதலில் விழுகிறார்.

ஜெயராஜ்: இந்திய நீதிமன்றம் இந்தச் சொல்லை நேரடியாகப் பயன்படுத்தியிருக்கிறதா?

பயன்படுத்தியிருக்கிறது. 2021 ஏப்ரல், உச்ச நீதிமன்றம், பட்டான் ஜமால் வலி எதிர் ஆந்திரப் பிரதேசம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற இளம் பெண். பாலியல் வன்கொடுமை வழக்கு. நீதிபதி சந்திரசூட் இன்டர்செக்‌ஷனாலிட்டிக்கே பக்கம் பக்கமாக ஒதுக்கினார். பாலினமும் சாதியும் ஊனமும் சேர்ந்து அந்தப் பெண்ணை எப்படி ஒரு தனி ஆபத்தில் நிறுத்தின என்று விளக்கினார்.

அப்புறம் நடந்ததைத்தான் மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வேன். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தரப்பட்டிருந்த தண்டனையை அதே தீர்ப்பு ரத்து செய்தது. சாதியின் காரணமாகத்தான் குற்றம் நடந்தது என்பதற்குத் தனிச் சான்று இல்லையாம். பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை நிலைத்தது. குற்றம் நடந்தது 2011இல், அன்றைய சட்டம் அப்படிச் சான்று கேட்டது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்று குற்றம் செய்தவருக்குத் தெரிந்திருந்தாலே போதும்.

மூன்றும் பிரிக்கமுடியாமல் பின்னியவை என்று சொல்லும் தீர்ப்பே, அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து நிரூபிக்கவில்லையே என்று கேட்கிறது. கருத்தை ஏற்றுக்கொள்வதும் சான்று விதியை மாற்றுவதும் வேறு வேறு வேலை. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தது இந்தக் கருத்து அல்ல, நாடாளுமன்றம்.

ஹரிணி: நான் ஐடி. என் வேலைக்கு இதில் ஏதாவது உண்டா?

முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. மொத்தத் துல்லியத்தை மட்டும் பார்த்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. உங்கள் டெஸ்ட் டேட்டாவை இப்படிப் பிரித்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கார்த்திக்: எங்கள் கம்பெனியில் பயிற்சி என்று ஒரு மணி நேரம் அடையாளங்களை எழுதச் சொல்லி, யாருக்குச் சலுகை அதிகம் என்று வரிசையில் நிறுத்தினார்கள்.

மதியச் சாப்பாடாவது நன்றாக இருந்ததா? ஆலையின் விதிமுறையைக் கேள்வி கேட்கப் பிறந்த கருத்து, ஆட்களுக்கு மார்க் போடுகிற விளையாட்டாகிவிட்டது. அடுத்த முறை உங்கள் பதவி உயர்வு விதிகளைத் திரையில் போடச் சொல்லுங்கள்.

சுரேஷ்: எந்தத் தரவு வந்தாலும் 'சேர்ந்து செயல்படுகிறது' என்று சொல்லிக்கொள்ளலாமே. இது எப்படி அறிவியல்?

நியாயமான அடி. செட்டியின் முடிவு எந்தப் பக்கம் வந்திருந்தாலும் இந்தக் கருத்து அதைச் சுகமாக விழுங்கியிருக்கும். ஆகவே இதை நான் விளக்கம் தரும் தியரியாக எடுப்பதில்லை. எங்கே தேட வேண்டும் என்று இது சொல்லும். ஏன் என்பதற்கான பதில் தொழிலாளர் வரலாற்றிலிருந்தோ மருத்துவத்திலிருந்தோ பொருளியலிலிருந்தோதான் வரவேண்டும். தேடிப் பார்த்து, தனித்தனியாகப் பார்த்ததே போதும் என்று தெரிந்தால் சேர்க்கையைக் கைவிடவும் தயாராக இருக்க வேண்டும். அப்படிக் கைவிடுகிற கட்டுரைகள் குறைவு என்பது என் புகார்.

நிவேதா: எம்.ஏ. ஆய்வுக்காக 200 வீடுகளில் கூலி பற்றி சர்வே எடுக்கிறேன். சாதி 4, மதம் 2, ஆண்/பெண், படிப்பு 2 என்று எல்லாவற்றையும் சேர்த்து அலசலாமா அக்கா?

வேண்டாம்மா. 32 கட்டங்கள் வரும், வீட்டுக்கு ஒருவர் என்றால் ஒரு கட்டத்துக்குச் சராசரி ஆறு பேர். சிலவற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சாதி, ஆண்/பெண் இரண்டை மட்டும் சேர்த்து எட்டுக் கட்டம் போடு, மற்றதைத் தனித்தனியாகக் காட்டு. கூலி எங்கே எதிர்பாராமல் சரிகிறதோ அந்தக் கட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசு. வேலைக்குக் கூப்பிடுவது யார், கூலி யார் கையில் தரப்படுகிறது, முன்பணம் யார் பெயரில் இருக்கிறது என்று கேள். சர்வே படிவத்தில் இந்த மூன்றும் இல்லையென்றால் இப்போதே சேர்த்துவிடு.