டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் இருக்கிறேன். அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற வாரம் கல்லூரியில் ஒரு விவாதப் போட்டி. ‘சர்ச்சைக்குரிய அயல்நாட்டுத் தலைவர்களைப் பல்கலைக்கழகங்கள் பேச அழைக்கலாமா?’ என்பது தலைப்பு. நான் அழைக்கலாம் என்ற அணி. 2007இல் ஈரான் அதிபர் அகமதிநெஜாதை கொலம்பியா பல்கலைக்கழகம் அழைத்ததை எடுத்துச் சொன்னேன். கருத்துச் சுதந்திரம் எல்லோருக்கும் ஒன்றுதான், யார் வந்தாலும் அமைதியாகக் கேட்பதுதான் மாணவர்களுக்கு அழகு என்று பேசினேன். எதிரணியில் ஒரு பையன் எழுந்து, “அப்போ ராஜபக்சேவையும் கூப்பிடுவீங்களா?” என்றான். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. தோற்றுவிட்டோம். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? பாதுகாப்புச் செலவு, பல்கலைக்கழகத்தின் நற்பெயர் பற்றியெல்லாம் உங்கள் கருத்து என்ன? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், அதற்காக எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பெட்டிக்குள் இருந்ததும் நீங்கள் கேட்டிருப்பதும் ஒரே விஷயம்தான். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பாதுகாப்புச் செலவெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. 2006இல் ஈரானின் முன்னாள் அதிபர் கத்தாமி ஹார்வர்டுக்கு வந்தபோது, மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த மிட் ராம்னி மாநில போலீஸை அனுப்ப மறுத்தார். கத்தாமி வந்து பேசிவிட்டுத்தான் போனார். நற்பெயர் என்பது விளம்பரத் துறை கவலைப்பட வேண்டியது. விடுங்கள்.

ஆனால் கருத்துச் சுதந்திரம் எல்லோருக்கும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாட்டின் அதிபருக்குச் சொந்தமாகத் தொலைக்காட்சி இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, ஐ.நா. சபையில் மேடை இருக்கிறது, ராணுவமும் இருக்கிறது. ஒரு கல்லூரி அவரை அழைக்காவிட்டால் அவர் வாயை யாரும் அடைத்துவிடவில்லை. உங்கள் வியாசர்பாடியில் யாரைக் கேட்டாலும் கொலம்பியாவைத் தெரியும், அது அண்ணல் அம்பேத்கர் படித்த இடம். 1936இல் லாகூரில் பேச அந்த அண்ணலை அழைத்தார்கள். எழுதி வைத்திருந்த உரையைப் பார்த்ததும் கூட்டத்தையே ரத்து செய்தார்கள். அவர் அதைச் சொந்தச் செலவில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பெயர்தான் வாயடைப்பது. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் அம்மா. இரண்டாம் ஆண்டு அரசியல் அறிவியல் படிக்கிற பெண் இதைச் செய்யலாமா?

‘அமைதியாகக் கேட்பது மாணவர்களுக்கு அழகு’ என்ற வரி அதைவிட மோசம். யார் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு?

கொலம்பியாவில் என்ன நடந்தது என்று முழுதாகப் படித்தீர்களா? 2007 செப்டம்பர் 24. பல்கலைக்கழகத் தலைவர் லீ போலிங்கர் விருந்தாளியை அறிமுகம் செய்ய எழுந்தவர், ‘அற்பமான, கொடூரமான சர்வாதிகாரிக்குரிய எல்லா அடையாளங்களும் உங்களிடம் உண்டு’ என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். பலருக்கு அது வீரமாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூப்பிட்டவரே திட்டிவிட்டால் வந்தவர் நல்லவராகிவிடுவார். அப்படித்தான் ஆயிற்று. ‘எங்கள் நாட்டில் ஒருவரைப் பேச அழைத்தால், மாணவர்கள் தாங்களே முடிவெடுத்துக்கொள்வார்கள் என்று மதித்து விட்டுவிடுவோம்’ என்றார் அகமதிநெஜாத். அரங்கில் கை தட்டினார்கள்.

உண்மையில் அவர் மாட்டிக்கொண்டது கடைசியில், கேள்வி நேரத்தில். மாணவர்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், ஜான் கோட்ஸ்வொர்த் என்ற பேராசிரியர் வாசித்தார். பெண்களின் உரிமைகளைப் பறிப்பதும் தன்பாலின ஈர்ப்பாளர்களைத் தூக்கிலிடுவதும் ஏன் என்று ஒரு சீட்டு. அதிபர் பதில் சொன்னார், எதைப் பற்றி? போதைப்பொருள் கடத்தலைப் பற்றி. கடத்தல்காரர்களுக்கு எல்லா நாட்டிலும் தண்டனை உண்டுதானே என்று போய்க்கொண்டே இருந்தார். நம் ஊரில் என்றால் இந்த இடத்தில் நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். கோட்ஸ்வொர்த் விடவில்லை. கேட்டது கடத்தல்காரர்களைப் பற்றி அல்ல, பெண்களையும் பாலின விருப்பத்தையும் பற்றி என்று மறுபடி சொன்னார். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது: உங்கள் நாட்டில் இருப்பதுபோல எங்கள் ஈரானில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் இல்லை. அரங்கமே சிரித்தது. அன்றைய கூட்டத்தில் உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு வரியைத்தான். போலிங்கரின் வசவு அதை வரவழைக்கவில்லை, இரண்டாம் முறை கேட்டது வரவழைத்தது.

நான் பேச விரும்புவது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான். முதல் கேள்விக்கு எந்தத் தலைவரிடமும் பதில் தயாராக இருக்கும். உதவியாளர்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது முடிந்ததும், ‘நான் கேட்டது அது இல்லையே’ என்று சொல்ல ஒரு வழி இருக்கிறதா? இருந்தால் யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம். இல்லையென்றால், வந்திருப்பவர் உத்தமரே ஆனாலும் அது பல்கலைக்கழகக் கூட்டம் கிடையாது. மாலை மரியாதையோடு முடிகிற பொன்னாடைக் கூட்டம்.

இப்போது அப்பாவின் கதை.

அப்பா பர்மாவில், ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். 1962 மார்ச்சில் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அந்த ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்களை ராணுவம் சுட்டது. மறுநாள் விடியற்காலையில் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தது. 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. அந்த மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. அப்பா கியாட் என்று சொல்ல மாட்டார், ரூபாய் என்பார். முதலாளி பாக்கிச் சம்பளம் மொத்தத்தையும் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நூறு ரூபாய் நோட்டுகள் பதினொன்று. அரசிடம் கொடுத்தால் திரும்ப வருமா என்ற பயத்தில் கொடுக்காமல் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். துறைமுகத்தில் அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றிக்கொண்டார்கள். தலையணையை யாரும் பார்க்கவில்லை. கப்பலில் மெட்ராஸ் வந்து, பர்மாவிலிருந்து வந்தவர்களோடு வியாசர்பாடியில் குடியேறினார். நான் பிறந்தது இங்கேதான்.

எண்பதுகளின் நடுவில், நான் பள்ளியில் படிக்கும்போது, வடசென்னையில் ஒரு கல்லூரிக்கு பர்மாவிலிருந்து பௌத்தப் பண்பாட்டுக் குழு ஒன்று வந்தது. அதில் பழைய அரசு அதிகாரி ஒருவர் ஆசிய நல்லுறவு பற்றிப் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். கேள்வி இருந்தால் எழுதித் தரலாம் என்று அறிவித்தார்கள். நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் அப்பா எழுதினார். வந்தவர் தானே படிக்கட்டும் என்று பர்மிய எழுத்தில் எழுதினார். கூட்டத்தை நடத்திய பேராசிரியர் அதை வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், படிக்கத் தெரியவில்லை. பக்கத்தில்தான் அந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒரு கை நீட்டினால் போதும். நீட்டவில்லை. சீட்டை நாலாக மடித்து மேஜையில் வைத்து, அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்தார். பிறகு, ‘எங்கள் நகரம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்ற கேள்வியை வாசித்தார்.

எல்லோரும் போன பிறகு அப்பா மேடைக்குப் போய் டம்ளரைத் தூக்கித் தன் சீட்டை எடுத்துக்கொண்டார். டம்ளரின் ஈரம் வட்டமாகப் பதிந்து பேனா மை ஊறியிருந்தது. நடந்து வரும்போது எனக்குத் தமிழில் சொன்னார்: “செல்லாதுன்னு சொன்ன நூறு ரூபா நோட்டு எங்கிட்ட பதினொண்ணு இருக்கு. உங்க வீட்டுல எத்தனை இருந்துச்சு? அதை என்ன பண்ணீங்க? இதான் கேட்டேன்.”

எத்தனை பட்டம் வாங்கியவரும் அந்தக் கேள்வியை எழுதியிருக்க முடியாது. இழந்தவனுக்குத்தான் அது தோன்றும். அப்பா அந்தக் கூட்டத்துக்குச் சண்டை போடப் போகவில்லை. அந்த அதிகாரியை அழைத்தது தவறென்றும் அவர் சொன்னதில்லை, சாகும்வரை சொன்னதில்லை. அவர் கண் எதிரிலேயே கேள்வி டம்ளருக்கு அடியில் போனதுதான் அவருக்கு ஆறவில்லை.

ராஜபக்சே. அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி, அதற்காக அவன்மேல் வருத்தப்படாதீர்கள். 2010 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட் யூனியன் விவாத மன்றத்தில் அவர் பேசுவதாக இருந்தது. லண்டனுக்கு வந்தும் விட்டார். அங்கிருந்த தமிழர்களின் எதிர்ப்பு பெரிதாகி, பாதுகாப்பைக் காரணம் காட்டி மன்றம் ரத்து செய்தது. அன்று நான் சந்தோஷப்பட்டேன். 2009 ஜனவரி 31 அன்று, ஈழத் தமிழர்களுக்காகத் தீக்குளித்த முத்துக்குமாரின் உடலோடு கொளத்தூரிலிருந்து மூலக்கொத்தளம் சுடுகாடு வரை நடந்தவன் நான். சந்தோஷப்படாமல் எப்படி இருப்பேன்?

பல மாதம் கழித்துத்தான் வேறு மாதிரி தோன்றியது. அதே மன்றத்தில் அவர் 2008லேயே பேசியவர். 2010இல் வந்திருந்தால், ஈழப் போரில் புதுக்குடியிருப்பு மருத்துவமனைமேல் குண்டு விழுந்தது எப்படி என்று அங்கே படிக்கிற ஒரு தமிழ்ப் பெண் கேட்டிருப்பாள். அவர் புலிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார். ‘நான் கேட்டது புலிகளைப் பற்றி அல்ல, மருத்துவமனையைப் பற்றி’ என்று அவள் இரண்டாம் முறை கேட்டிருந்தால்? என்ன பதில் வந்திருக்கும் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் அவர் எதற்கும் பதில் சொல்லாமல், ரத்தானதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்.

இதைப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய் என்னால் சொல்ல முடியாது. வெளியே நின்று அவனை வரவிடாதே என்று கத்த அவளுக்கு முழு உரிமை உண்டு. அவளை அமைதியாக இரு என்று சொல்கிற எந்தக் கல்லூரிக்கும் அவரை அழைக்கத் தகுதி கிடையாது. ஆக, அந்தப் பையனிடம் நீங்கள் சொல்லியிருக்கலாம்: கூப்பிடுவோம், ஆனால் மைக்கை நீ பிடித்துக்கொள், நீ போதும் என்கிறவரை யாரும் பிடுங்கக் கூடாது.

போட்டியில் தோற்றது போகட்டும். உங்கள் கல்லூரியில் அடுத்த கூட்டத்துக்கு யார் வந்தாலும், உள்ளூர் கவுன்சிலரே வந்தாலும், சீட்டு வாசிக்கிற வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் அந்தப் பதினோரு நோட்டும் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் மட்டும் மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது. நாட்காட்டித் தாளும் இருக்கிறது, டம்ளரின் வட்டம் இப்போது பழுப்பாகத் தெரிகிறது. நானும் வியாசர்பாடிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவோடு வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். அந்தப் பையனுக்கு வர விருப்பம் இருந்தால் அவனையும் கூட்டி வாருங்கள்.