வெளியில் பிரேக் பேட் மாற்றினால் ஏசிக்கு வாரண்டி போய்விடுமா?

வெளி மெக்கானிக்கிடம் காரின் பிரேக் பேட் மாற்றியதால் ஏசி கம்ப்ரசருக்கு வாரண்டி கிடையாது என்று கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்களா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்!

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் தகவல்களும் வெளிக் கடைகளுக்குப் போகாமல் தடுத்ததுதான் குற்றம். வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. மேல்முறையீடுகள் பல வருடம் ஓடின, அது தனிக்கதை. ஆனால் வெளி வேலையால்தான் கோளாறு வந்தது என்றால் அவர்கள் மறுக்கலாம்.

எனவே மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. பாதிப் பேர் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

போட்டி ஆணையத்துக்கு ஓடாதீர்கள். அது சந்தையைச் சரிசெய்யும் இடம், உங்கள் பில்லை வாங்கித் தராது. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மெக்கானிக் தந்த பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.