ஐந்துக்கு ஐந்து வாங்கியாச்சு, அப்புறம்?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பயாலஜி, கெமிஸ்ட்ரி, கால்குலஸ் பி.சி. மூன்றிலும் ஏ.பி. பரீட்சையில் 5 வாங்கியிருக்கிறாள். ஹைஸ்கூலிலேயே எழுதும் காலேஜ் தரப் பரீட்சை அது, 5-தான் உச்சம்; மார்க்கைப் பார்த்து, காலேஜ் பாடத்தை முடித்ததாகக் கிரெடிட் தருவார்கள். இந்த மே மாதம் ஃபிசிக்ஸ் சி எழுதப் போகிறாள். டாக்டர்தான் ஆவேன் என்று முடிவோடு இருக்கிறாள். "இத்தனை கிரெடிட் கையில் இருக்கே, மூன்று வருஷத்தில் காலேஜை முடிச்சிடலாம், ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம்" என்கிறார் என் கணவர். "மெடிக்கல் ஸ்கூல் ஏ.பி.யைச் சீந்தவே சீந்தாது" என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. யார் சொல்வது சரி, அக்கா?
- ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: இருவருக்கும் பாதி மார்க் போடுகிறேன். மாமியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

உங்கள் மகள் வாங்கிய 5 முதலில் அவள் சேரப்போகும் காலேஜின் கையில் விழும். ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி 5-க்கு 8 செமஸ்டர் ஹவர் கொடுக்கும், இன்னொன்று 4 கொடுக்கும், மற்றொன்று ஹவரே தராமல் "நேராக அடுத்த வகுப்பில் போய் உட்கார்" என்று மட்டும் சொல்லும். மெடிக்கல் ஸ்கூல் வருவது அதற்குப் பிறகு, நாலு வருஷக் காலேஜ் முடிந்துதான். எம்.டி. படிப்புக்கு (இங்கே டாக்டர் பட்டமே அதுதான்) விண்ணப்பம் வாங்கும் ஆம்காஸ், ஏ.பி. பரீட்சையை நடத்தும் காலேஜ் போர்டு அனுப்பும் ஏ.பி. மார்க்கை எடுத்துக்கொள்வதில்லை. அவள் காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மார்க் பட்டியலில், அந்த கிரெடிட் ஏறியிருந்தால் உண்டு, ஏறாவிட்டால் இல்லை. அப்படி ஏறியிருந்தாலும் ஒவ்வொரு மெடிக்கல் ஸ்கூலுக்கும் தனிச் சட்டம். சிலது அப்படியே ஏற்கும். பலது, "ஏற்கிறோம், ஆனால் அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுத்திருக்க வேண்டும்" என்னும். சிலது பயாலஜிக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஏ.பி. கூடவே கூடாது என்னும். யார் என்ன சொல்கிறார்கள் என்பதை மெடிக்கல் காலேஜ்களின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. நடத்தும் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற இணையப் பட்டியலில் பார்க்கலாம். முழுதாகப் பார்க்கச் சந்தா உண்டு. மாமியைக் கேட்பதைவிட அதற்குக் கட்டும் பணம் பிரயோஜனம்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஏ.பி. கிரெடிட்டுக்கு கிரேடு கிடையாது. ஆம்காஸ், பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணக்கு நான்கையும் தனியே பிரித்து ஒரு சயன்ஸ் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி, 4-க்கு) போடும். ஏ.பி. அதில் சேராது. அதாவது உங்கள் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஏ வாங்கியிருக்கக்கூடிய முதல் வருஷப் பாடங்கள் அந்தக் கணக்கில் இருக்காது. சமீப வருடங்களில் இடம் கிடைத்துச் சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.7-க்கு மேல், மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் மார்க் 528-க்கு 511-க்கு மேல். அந்தக் கூட்டத்தில் நிற்கப் போகிறவளின் முதல் சயன்ஸ் கிரேடு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் விழ வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரு காலேஜில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ஜெனரல் கெமிஸ்ட்ரி லேப் நடத்தினவள் நான். மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ப்ரீ-மெட் ஆலோசனையும் சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம். என் பையன் ஏ.பி. கெமிஸ்ட்ரியில் 5 வாங்கியதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் படித்த பள்ளியில் அந்த வருஷம் பாதியில் டீச்சர் வேலையை விட்டுப் போனதும், பிள்ளைகள் பியூரெட்டைத் தொட்டதே மூன்று நான்கு தடவைதான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. காலேஜ் 8 ஹவர் கொடுத்தது, அவன் நேராக ஆர்கானிக்கில் போய் உட்கார்ந்தான். செப்டம்பரில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "அம்மா, இன்னிக்கு லேப்ல கிறிஸ்டலே வரலை." சால்வென்ட்டைக் கைக்கு வந்தபடி ஊற்றியிருக்கிறான். "கொதிக்க வச்சுக் குறைச்சியா? ஐஸ்ல வச்சியா? கண்ணாடிக் குச்சியால பீக்கர் உள்பக்கம் சுரண்டிப் பார்த்தியா?" என்று அடுக்கினேன். "அதெல்லாம் எனக்கு யாரு சொன்னா?" என்றான். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவள் நானே. பாடத்தில் பாதிப்பேர் ஜெனரல் கெமிஸ்ட்ரியை அதே கட்டடத்தில், அதே தராசில் ஒரு வருஷம் பழகிவிட்டு வந்தவர்கள். இவனுக்கு சி பிளஸ். அது இன்றும் அவன் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிறது. இரண்டாவது தடவை விண்ணப்பித்துத்தான் இடம் கிடைத்தது. இன்டர்வியூவில் அந்த சி பிளஸைப் பற்றிக் கேட்கவும் கேட்டார்கள்.

அதனால் உங்கள் மகளுக்கு நான் சொல்வது இது. கால்குலஸ் கிரெடிட்டைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளட்டும். எம்கேட்டில் கால்குலஸ் கேட்பதில்லை. கால்குலேட்டரும் தருவதில்லை, கையால் போடும் கணக்குதான். அந்த நேரத்தில் ஒரு ஸ்டாடிஸ்டிக்ஸ் பாடம் எடுத்தால் உபயோகம். பயாலஜி கிரெடிட்டையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு மேலே ஜெனிடிக்ஸ், செல் பயாலஜி, ஃபிசியாலஜி என்று இரண்டு மூன்று பாடம் லேபோடு எடுக்க வேண்டும். ஃபிசிக்ஸ் சி என்பது மெக்கானிக்ஸும் மின்சாரம், காந்தமும். எம்கேட்டில் திரவ அழுத்தம், லென்ஸ், ஒலி எல்லாம் வரும். அந்த இடைவெளியை எங்கே நிரப்புவாள் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். கெமிஸ்ட்ரியை மட்டும் திரும்ப முதலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்தால் பல காலேஜ்களில் ஏ.பி. கிரெடிட் கழன்றுவிடும். போனால் போகட்டும். "தெரிந்ததையே திரும்ப எடுத்திருக்கிறாளே என்று நினைக்க மாட்டார்களா" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் அதை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை.

இப்போது உங்கள் கணவர். ஆகஸ்டில் மெடிக்கல் ஸ்கூல் சேர வேண்டுமானால் விண்ணப்பத்தை முந்தின வருஷம் மே கடைசி, ஜூனிலேயே போட வேண்டும். மூன்று வருஷத்தில் முடித்து உடனே சேரும் பிள்ளை, இரண்டாம் வருஷம் முடிந்த கையோடு விண்ணப்பம் போடுகிறது. கையில் நான்கு செமஸ்டர் கிரேடு. அதற்குள் எம்கேட் எழுதியிருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் டாக்டர் பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும், ஆராய்ச்சி ஏதாவது செய்திருக்க வேண்டும், சிபாரிசுக் கடிதம் தருமளவுக்கு இரண்டு புரொஃபசர்களுக்கு முகம் தெரிந்திருக்க வேண்டும். பணம் உண்மையிலேயே இடித்தால் ஒரு வழி இருக்கிறது: மூன்று வருஷத்தில் பட்டம் வாங்கட்டும், மூன்றாம் வருஷக் கடைசியில் விண்ணப்பிக்கட்டும், இடையில் வரும் ஒரு வருஷத்தில் ஆம்புலன்ஸிலோ டாக்டருக்குக் குறிப்பெழுதும் ஸ்கிரைப் வேலையிலோ சேரட்டும். ஃபீஸ் மிச்சமாகும், சம்பளமும் வரும், அனுபவமும் கணக்கில் ஏறும். உங்கள் கணவருக்கு நான் போட்ட பாதி மார்க் அதற்குத்தான்.

கேள்வி: பையன் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் ஏ.பி. கெமிஸ்ட்ரி எடுப்பதா, கம்யூனிட்டி காலேஜ் வழியாக டூயல் கிரெடிட் எடுப்பதா? "மே மாதப் பரீட்சை டென்ஷன் கிடையாது, பாஸ் பண்ணினால் கிரெடிட் நிச்சயம்" என்று கவுன்சலர் டூயல் கிரெடிட் பக்கம் தள்ளுகிறார்.
- ஒரு தந்தை, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: கவுன்சலர் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார். டூயல் கிரெடிட் என்பது நிஜமான காலேஜ் பாடம், நிஜமான காலேஜ் கிரேடு. பதினாறு வயதில், ஃபுட்பால் சீசனுக்கு நடுவே வாங்கிய சி, இருபத்தொரு வயதில் மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் வந்து உட்காரும். "அது ஹைஸ்கூலில் எடுத்தது" என்ற சலுகை ஜி.பி.ஏ. கணக்கில் கிடையாது. அந்தக் கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்டையும் வாங்கி அனுப்பித்தான் ஆக வேண்டும். ஏ.பி.யில் 2 வாங்கினாலோ, அது மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பம் வரை போகாது.

உங்கள் மாநிலத்தில் ஏ.பி.க்கு வசதியும் அதிகம். டெக்சாஸ் அரசு மெடிக்கல் ஸ்கூல்களுக்குத் தனி விண்ணப்ப முறை, டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் எண்ணும் ஹவரும் தெளிவாக இருந்தால் ஏ.பி.யைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அங்கே வெளி மாநிலத்தாருக்குப் பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் இடம் தரக்கூடாது என்று அரசு விதியே இருக்கிறது, ஆகவே உங்கள் பையன் முதலில் குறிவைக்க வேண்டியதும் அவற்றைத்தான். டூயல் கிரெடிட்டை யு.எஸ். ஹிஸ்டரி, கவர்ன்மென்ட் மாதிரிப் பாடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஏ வாங்குவான் என்ற நம்பிக்கை இருந்தால்.

கேள்வி: காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன், ஆன்ட்டி. என் டிரான்ஸ்கிரிப்டில் ஏ.பி. பயாலஜிக்கு "ஏ.பி. கிரெடிட், 8 ஹவர்" என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பாடம் என்றுகூட இல்லை. பரவாயில்லையா?
- ஒரு மாணவன், கொலம்பஸ், ஒஹையோ

பதில்: பரவாயில்லை என்று விட முடியாது. நாளைக்கே ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போ. "இது பயாலஜி துறையின் எந்தப் பாடத்துக்குச் சமம், அந்த எண்ணோடு ஏற்றித் தர முடியுமா" என்று கேள். மொத்தமாகப் போட்ட எட்டு ஹவர் பட்டத்துக்கு உதவும், மெடிக்கல் ஸ்கூல் கேட்கும் பயாலஜிக்கு உதவாமல் போகலாம். ஏற்றித் தந்தால், லேபும் அதில் சேர்த்தியா என்று பார். சில காலேஜ்கள் லெக்சருக்கு மட்டும் கிரெடிட் கொடுக்கும், மெடிக்கல் ஸ்கூலோ லேபும் கேட்கும். முடியாது என்று விட்டால் அழாதே, லேபுடன் மேல்நிலைப் பாடம் எடுக்க உனக்கு இன்னும் நான்கு செமஸ்டர் இருக்கிறது.

கேள்வி: என் மகள் எட்டு வயதில் எங்களோடு சென்னையிலிருந்து வந்தவள், இன்னும் எச்-4 விசா, அதாவது வேலை விசாவில் இருக்கும் பெற்றோரைச் சார்ந்த பிள்ளைக்கான விசா. ஏ.பி. ஆறு பாடம் எடுக்கிறாள். இதெல்லாம் மெடிக்கல் ஸ்கூலுக்கு அவளுக்கு உதவுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கேரி, வட கரோலினா

பதில்: ஏ.பி. பரீட்சைக்கு விசா கிடையாது. அவள் 5 வாங்கினால் அது மற்றவர்கள் வாங்கும் அதே 5. மெடிக்கல் ஸ்கூல் அப்படி இல்லை. அரசு மெடிக்கல் ஸ்கூல்களில் பலது குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. தனியார் பள்ளிகள் சில வெளிநாட்டு மாணவர்களை எடுக்கின்றன, அவற்றிலும் சில, படிப்புச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்கின்றன. இருபத்தொரு வயது முடிந்தால் எச்-4 போய்விடும், எஃப்-1 மாணவர் விசா போன்ற வேறொன்றுக்கு அவள் மாற வேண்டும். காலேஜ் நடுவில் வரும் அந்தப் பிறந்தநாளை இப்போதே காலண்டரில் குறித்துவைத்து, உங்கள் கிரீன் கார்டு வரிசை எங்கே நிற்கிறது என்று வக்கீலிடம் உட்கார்ந்து பேசுங்கள். எம்.எஸ்.ஏ.ஆர். பட்டியலில் ஏ.பி. பகுதியைப் பார்ப்பதற்கு முன்னால், வெளிநாட்டு விண்ணப்பதாரர்களை எடுக்கிறார்களா என்ற வரியைப் பாருங்கள். அந்த வரி "ஆம்" என்று இருக்கும் பள்ளிகளுக்கு ஏற்ப அவள் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்தி. இதை எழுத எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: இங்கே ப்ளஸ் டூ முடித்து நீட் எழுதினால் எம்.பி.பி.எஸ். அமெரிக்காவில் என் பேத்தி இவ்வளவு பரீட்சை எழுதியும் இன்னும் நாலு வருஷம் ஏதோ டிகிரி படிக்கணுமாமே? அவளுக்கு என்ன குறை?
- ஒரு பாட்டி, ஸ்ரீரங்கம்

பதில்: ஒரு குறையும் இல்லை, மாமி. இங்கே எல்லோருக்கும் அதே வழிதான். நாலு வருஷம் காலேஜ், அது பயாலஜியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சங்கீதம் படித்தவர்களும் தேவையான சயன்ஸ் பாடங்களை எடுத்துவிட்டு டாக்டர் ஆகிறார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷம் மெடிக்கல் ஸ்கூல். பிறகு எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து மூன்றிலிருந்து ஏழு வருஷம் ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி. பேத்தி எழுதிய ஏ.பி. பரீட்சைகள் முதல் நாலு வருஷத்தில் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுக்கும். பின்னால் வருகிறதில் ஒரு நாளைக்கூடக் குறைக்காது. ப்ளஸ் டூ முடித்ததும் மெடிக்கல் ஸ்கூல் இடத்தையும் சேர்த்தே உறுதி செய்யும் படிப்புகளும் சில இருக்கின்றன. அவற்றுக்குப் போட்டி நீட்டைவிடக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவளிடம் படிப்பு எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள். என் அம்மா மாயவரத்திலிருந்து என் பையனிடம் ஒன்பது வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள்.