சுற்றுச்சூழல் படிப்புக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்குச் சுற்றுச்சூழல் துறையில்தான் ஆர்வம். மூன்றாண்டு அறிவியல் பட்டம், நான்காண்டு சுற்றுச்சூழல் பொறியியல் இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் சேமிப்பு முதல் படிப்பின் கட்டணத்துக்குச் சரியாக இருக்கும். இரண்டாவதற்குக் கடன் வாங்க வேண்டும். வாங்கலாமா?

பதில்: அவள் என்ன வேலை செய்ய ஆசைப்படுகிறாள் என்று முதலில் கேளுங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்க வேண்டும் என்றால், தயங்காமல் கடன் வாங்குங்கள். பல நாடுகளில் அத்தகைய வடிவமைப்பில் கையெழுத்திடும் உரிமை, உரிமம் பெற்ற பொறியாளருக்கே உண்டு. அறிவியல் பட்டத்தை முடித்துவிட்டு அங்கே போவது சுற்றுவழி, செலவும் கூடும். ஆனால் அந்தப் பொறியியல் படிப்புக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக் கல்லூரியிடம் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கடன் வேண்டவே வேண்டாம்.

நீரையும் மண்ணையும் காற்றையும் ஆராய்வதுதான் விருப்பம் என்றால் அறிவியல் பட்டமே நல்லது. பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் புரட்டுங்கள். பகுப்பாய்வு வேதியியலும் புள்ளியியலும் புவியியல் தகவல் அமைப்பும் (இடம் சார்ந்த தரவுகளை வரைபடத்தில் வைத்து ஆராயும் கணினி முறை) செய்முறையோடு இருக்க வேண்டும். நிலத்தடி நீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க மாதிரி எடுப்பவர், அதில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டுவருவார். இல்லாவிட்டால் ஈயத்தில் ஒரு பகுதி பாட்டிலின் உட்சுவரில் படிந்துவிடும். ஆய்வகமும் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். இதையெல்லாம் கையால் செய்து பழகிய பட்டதாரியை எந்த ஆலோசனை நிறுவனமும் விரும்பும்.

சேமிப்பு கட்டணத்துக்குச் "சரியாக இருக்கும்" என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. களப்பயணங்கள், ஊதியமில்லாத விடுமுறைப் பயிற்சி இவையெல்லாம் பெரும்பாலும் கட்டணப் பட்டியலில் வராது. இந்தப் படிப்பில் அவற்றைத் தவிர்க்கவும் கூடாது. எனவே ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கிவிட்டு, குறையும் கட்டணத்துக்கு மட்டும் சிறு கடன் வாங்குங்கள். ஆராய்ச்சிப் பதவிகளுக்கு முதுநிலைப் பட்டமும் கேட்பார்கள். பெரிய கடன் தேவைப்பட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் படிப்பானாலும் மொத்தக் கடன், அவள் எதிர்பார்க்கும் முதலாண்டுச் சம்பளத்தைத் தாண்ட வேண்டாம். படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பார்கள்; பல கடன்களில் அப்போதும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். படிப்பு முடியும் நாளில் நிலுவை எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்று வங்கியிடம் கணக்கு வாங்கி, மகளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.