ஊசி முடியும்வரை குட்டியைப் பூட்டி வைக்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். ஓசூரில் ஒரு தரகர் மூலம் லேப்ரடார் குட்டி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இப்போது அதற்குப் பத்து வாரம் என்கிறார் தரகர். எல்லாத் தடுப்பூசியும் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். பால்காரர் வந்தால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது. குக்கர் விசில் கேட்டால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனின் காலைக் கடிக்கிறது. ஒரு மாதம் தங்கவைத்துப் பழக்கித் தரும் இடம் ஒன்று இருக்கிறது, உடனே முன்பணம் கட்டுங்கள் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம், அம்மா. முன்பணமும் கட்ட வேண்டாம். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் பணம் போனது போகட்டும், குட்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருத்துவர் சொன்னது தவறில்லை. பாதியோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். குட்டியின் கால் வெளித் தரையில் படக் கூடாது என்பதுதான் முழுச் செய்தி. உங்கள் கையில் இருந்தபடி அது வாசல் தாண்டலாம். தாண்டியே ஆக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். தான் பார்ப்பதையும் கேட்பதையும் ‘இது சகஜம்’ என்று ஒரு குட்டி மனதில் ஏற்றிக்கொள்ளும் பருவம், அது பிறந்த 3ஆம் வாரத்தில் தொடங்குகிறது. 12ஆம் வாரத்தில், மிஞ்சினால் 14ஆம் வாரத்தில், முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் சில குட்டிகளை வேலி போட்ட வெளியில் மனிதர் கண்ணிலேயே படாமல் வளர்த்துப் பார்த்து, அந்த முடிவை 1961இல் வெளியிட்டார்கள். 14 வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகள் அதற்குப் பிறகு எவ்வளவு கொஞ்சினாலும் ஒட்டவில்லை. தடுப்பூசி வரிசையோ 16ஆம் வாரம் வரை நீள்கிறது. ஊசி முடியட்டும், பிறகு பழக்கலாம் என்பது, நாற்று முற்றிய பிறகு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கதை. உங்கள் குட்டிக்குப் பத்து வாரம் என்பது உண்மையானால், கையில் இருப்பது இன்னும் இரண்டிலிருந்து நான்கு வாரம்.

ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று பலரும் என்னிடம் கேட்பார்கள். காசு பறிக்க என்றும் நினைப்பார்கள். தாயின் சீம்பால் குட்டிக்குக் கவசம். அந்தக் கவசம் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அது உள்ளே வேலை செய்ய விடாது. கவசம் எந்த வாரம் கழலும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே வருகிறோம். இதற்கு மேல் நுணுக்கம் உங்களுக்குத் தேவையில்லை.

இனி செய்ய வேண்டியது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் குட்டியை ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனை வரை போங்கள். பத்து நிமிடம் போதும். டீக்கடை வாசலில் அல்ல, எதிர்ப்பக்கம் நில்லுங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடிக்காரர், கோலூன்றிய பாட்டி, சீருடைப் பிள்ளைகள், தலையில் கூடை சுமக்கும் அம்மா, இவர்கள் ஒவ்வொருவரும் நாய்க்கு வேறு வேறு பிராணி. சேலம் - பெங்களூரு சாலையில் லாரி போகிற இரைச்சலைத் தொலைவிலிருந்து கேட்கட்டும். மாடு, ஆடு, கோழி பார்க்கட்டும். இது நம் ஊர்ப்பக்கம் மிக முக்கியம். ஆட்டைக் கண்டு துரத்துகிற நாயால் பங்காளிகள் பேச்சுவார்த்தை நின்றதை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

பையில் வேகவைத்த கோழித் துண்டு, மிளகளவில். புதிதாக ஒன்று கண்ணில் பட்டவுடன் ஒரு துண்டு. வாங்கித் தின்றால் எல்லாம் சரி. எப்போதும் ஆசையாகத் தின்கிற குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால், உதட்டை நக்கினால், காதைப் பின்னுக்கு மடித்தால், அது பயந்திருக்கிறது. பத்தடி பின்னால் வாருங்கள். ‘பழகட்டும்’ என்று அங்கேயே நிறுத்தி வைக்காதீர்கள். நிறைய பேர் செய்கிற தவறு இதுதான். மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, பயத்தைத் தெளிய வைக்கிறேன் என்பார்கள். தெளியாது, ஆயுளுக்கும் ஏறிவிடும். பம்பைச் சத்தம் மூன்று தெரு தள்ளிக் கேட்டால் போதும்.

குக்கருக்கும் இதே வழிதான். விசில் வரும் நேரத்தில் அடுப்படிக்கு மிகத் தள்ளிய அறையில் குட்டிக்குச் சாப்பாடு வையுங்கள். சில நாள் கழித்துத் தட்டை ஓர் எட்டு நகர்த்துங்கள். சிறுநீர் கழித்ததற்குத் திட்டாதீர்கள், அது வீம்பு அல்ல. பால்காரரிடம் ஒரு உதவி கேளுங்கள்: குட்டியைப் பார்க்கவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம், வாசலில் ஒரு கோழித் துண்டைப் போட்டுவிட்டுப் போகட்டும். ஒரு வாரத்தில் அவர் சைக்கிள் மணிக்குக் குட்டி வாலாட்டும்.

முதல் ஊசி போட்டு ஏழு நாள் ஆன குட்டிகளை மற்றக் குட்டிகளோடு பழக்கும் வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்று அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அப்படி ஒரு வகுப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. உறவினர் வீட்டில் ஆண்டுதோறும் ஊசி போட்ட, சாதுவான, வயது வந்த நாய் இருந்தால் அதுவே வகுப்பு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் குட்டிகள் சாகின்றன. உங்கள் வீட்டிலோ, ஒட்டிய வீட்டிலோ கடந்த ஒரு வருடத்தில் ஏதாவது குட்டி இரத்தப்பேதியில் செத்திருக்கிறதா? நன்றாக விசாரியுங்கள். ‘ஏதோ வயிற்றுப்போக்கு’ என்று சொன்னாலும் விடாதீர்கள், இரத்தம் இருந்ததா என்று கேளுங்கள். அது பெரும்பாலும் பார்வோ என்ற வைரஸ் நோய். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்பார்கள். பினாயிலை நம்பாதீர்கள், பார்வோ அதற்கு அசைந்து கொடுக்காது. பிளீச்சிங் கரைசல் கொல்லும், ஆனால் சிமெண்டுத் தரையில் மட்டும். மண்ணில் ஊற்றினால் பலனில்லை. அப்படியொரு சாவு நடந்திருந்தால், உங்கள் சொந்தக் கொல்லைப்புறத்து மண்ணில்கூட 16ஆம் வார ஊசி போட்டு ஒரு வாரம் ஆகும்வரை குட்டியை இறக்காதீர்கள். மொட்டைமாடியில் விடுங்கள். செருப்பு வாசலுக்கு வெளியே. குட்டி செத்த வீட்டுக்காரர் பார்க்க வந்தால், வாசலோடு பேசி அனுப்புங்கள். மரியாதைக் குறைவாக நினைத்தால் நினைக்கட்டும். குட்டியைப் புதைத்த இடத்தில் செடி வைத்திருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். ஆனால் அந்த வீட்டிலும்கூட, துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டுவது நிற்கக் கூடாது. பார்வோ கண் வழியாகவோ காது வழியாகவோ ஏறுவதில்லை.

குட்டி செத்த வீட்டுக்கு அதே வாரம் ‘பாதி விலைக்கு வேறு குட்டி தருகிறேன்’ என்று வந்து நிற்பவரும் யார்? அதே தரகர்.

அவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடப்போவதில்லை. பத்து வாரக் குட்டி, வாங்கி மூன்று வாரம் என்கிறீர்கள். அப்படியானால் ஏழாவது வாரத்தில் விற்றிருக்கிறார். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் சொல்கின்றன. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அவர் வாயாலேயே விதியை மீறியதை ஒப்புக்கொண்டிருக்கிறார், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அதோடு, ஏழு வாரம் என்பதே உண்மைதானா? முப்பத்தைந்து நாள் குட்டியை இரண்டு மாதம் என்று விற்பது ஓசூர் எல்லையில் பழைய வியாபாரம். சின்னக் குட்டி பொம்மைபோல் இருக்கும், சீக்கிரம் விலைபோகும். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் மல்லுக்கட்டிக் கடிபட்டு, ‘இவ்வளவுதான் கடிக்கலாம்’ என்று கற்கிற வாரங்களை அது இழந்துவிடும். உங்கள் மகன் காலில் தெரிகிற பல்தடம் அந்த வியாபாரத்தின் மிச்சமாகவும் இருக்கலாம். வயதை உங்கள் மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொல்லிவிடுவார், கேளுங்கள்.

தடுப்பூசி அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். மருந்துப் புட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அதில் தொகுதி எண் இருக்கும். பக்கத்தில் தேதி, மருத்துவர் கையொப்பம், பதிவு எண். வெறும் பேனாவால் ‘முதல் ஊசி போட்டாயிற்று’ என்று எழுதியிருந்தால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் புதிதாகத் தொடங்குங்கள். வைட்டமின் ஊசியைப் போட்டுவிட்டுத் தடுப்பூசி என்று எழுதிக் கொடுத்த அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். மருந்து உண்மையாகவே இருந்தாலும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்திருக்க வேண்டும். ஸ்கூட்டர் பெட்டியில் வந்த மருந்து தண்ணீருக்குச் சமம்.

இப்போது அந்த ‘தங்கவைத்துப் பழக்கும் இடம்’. தெருவில் இறங்கினாலே நோய் வரும் என்று பயந்து நாம் பூட்டி வைத்திருக்கிற குட்டியை, ஊர்ப்பட்ட நாய்கள் வந்துபோகிற கொட்டடியில் ஒரு மாதம் விடுவதாம்! அனுப்பி வைக்கிற தரகருக்கு அங்கே கமிஷன் இருக்கும், வேறென்ன? நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட நம் நாட்டில் எந்தப் படிப்பும் தேவையில்லை. ஒரு விசிலும் தொப்பியும் போதும். கழுத்தை இறுக்குகிற சங்கிலியை மாட்டி, இழுத்து இழுத்து உட்கார வைத்து, மாதக் கடைசியில் உங்களைக் கூப்பிட்டு ‘சிட்’ என்று காட்டுவார். குட்டி உட்காரும். அவருக்கு உட்காரும். வீட்டுக்கு வந்தால் உங்களுக்கு உட்காராது, பால்காரரைக் கண்டால் அதே கட்டிலுக்கு அடியில் போகும். போகக் கூடாத வாரங்களும் போயிருக்கும். உட்கார், வா, நில் இதெல்லாம் எந்த வயதிலும், நாளுக்கு ஐந்து நிமிடத்தில், உங்கள் மகனே கற்றுக்கொடுக்கலாம்.

கடிக்கு வருகிறேன். கடித்தவுடன் மகன் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. ஓடுகிற கால் அதற்கு விளையாட்டுச் சாமான். அசையாமல் நிற்கட்டும், விளையாட்டு நின்றுவிட வேண்டும். அரை நிமிடம் கழித்து முடிச்சுப் போட்ட பழைய துணியைக் கொடுங்கள். மூக்கில் அடிப்பது வேண்டாம், கையைக் கண்டாலே கடிக்கிற நாயாகிவிடும். நான்காம் மாதத்திலிருந்து பால் பற்கள் விழும்போது கடி இன்னும் கொஞ்சம் கூடும், பயப்படாதீர்கள்.

ஆனால் தோல் கிழிந்து இரத்தம் வந்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குட்டிக்கு வெறிநாய் நோய்க்கான ஊசி இன்னும் போடவில்லை, மூன்று மாதம் ஆனால்தான் போடுவோம். அதன் தாய் யார் என்றும் தெரியாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

குட்டிக்கான ஊசிக்கு அரசுக் கால்நடை மருந்தகம் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போகலாம், காலையில் சினை ஊசிக்கு வந்த மாடுகள் முடிகிறவரை காத்திருக்கும் பொறுமை இருந்தால். விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6 அன்று இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் பிறக்கிற குட்டிகள் என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. நான் பணியில் இருந்தபோது வாரத்தில் ஒரு பிற்பகலைக் குட்டிகளுக்கு மட்டும் ஒதுக்கலாம் என்று மேலே எழுதினேன். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. நான் ஓய்வுபெற்று ஆறு வருடம். பரிசீலனை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. ஆகவே பணம் போனாலும் பரவாயில்லை என்று, குளிர்பெட்டியும் ரசீதும் உள்ள மருத்துவரிடம் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. மாம்பழ ஊரில் குட்டி வளர்க்கிறீர்கள். சப்பிப் போட்ட கொட்டையைக் குட்டிக்கு எட்டுகிற இடத்தில் போடாதீர்கள். இனிப்புக்காக விழுங்கிவிடும், குடலில் சிக்கிக்கொள்ளும். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சீசனிலும் நான் இரண்டு மூன்று எடுத்திருக்கிறேன்.