பண்ணை விலங்குகளின் அடைப்பிடத்துக்கு விதி வந்தால் சிறு பண்ணையாளருக்கும் வாங்குபவருக்கும் என்ன ஆகும்?

ஒரு கோழிக்கோ பன்றிக்கோ குறைந்தது எவ்வளவு இடம் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதுதான் அடைப்பிட விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய கூண்டுகளில் ஒரு முட்டைக்கோழிக்குக் கிடைத்தது 550 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. சிறகைக்கூட விரிக்க முடியாத அந்த வாழ்வைக் கொடுமை என்றே சொல்வேன். 2012 முதல் அந்தக் கூண்டுகளுக்கு அங்கே தடை.

இப்படி விதி வந்தால் முட்டை, இறைச்சி விலை ஏறுவது ஏன்? நின்றபடி பலர் பயணிக்கும் பஸ்ஸில் இனி உட்காருபவர்கள் மட்டும்தான் என்றால், டீசலும் ஓட்டுநர் சம்பளமும் குறையாது, டிக்கெட்தான் கூடும். கொட்டகையும் அப்படித்தான்: உள்ளே கோழிகள் குறையும், செலவு அந்த அளவுக்குக் குறையாது.

சிறியவர்கள் எல்லோருக்கும் அடி விழும் என்பதில்லை. ஏற்கெனவே கோழிகளைத் திறந்துவிட்டு வளர்ப்பவருக்கு இது லாபம்கூட. கடன் வாங்கிக் கூண்டு அமைத்த நடுத்தரப் பண்ணையாளர்தான் உண்மையில் நெரிபடுகிறார். புதுக் கொட்டகைச் செலவைப் பரப்பிக்கொள்ள அவரிடம் போதிய கோழிகள் இல்லை. 350 கோழிகளுக்குக் குறைவான பண்ணைகளுக்கு ஐரோப்பிய விதி விலக்கு அளித்தது நியாயமே. கலிபோர்னியாவில் 2018இல் வாக்காளர்கள் ஏற்ற அடைப்பிடச் சட்டமோ வெளிமாநிலங்களிலிருந்து அங்கே விற்பனைக்கு வரும் முட்டை, இறைச்சியையும் கட்டுப்படுத்துகிறது.

‘கூண்டில்லா முட்டை’ என்றால் கோழி வெயிலில் மேய்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; கூண்டு இல்லை என்பது மட்டுமே அதன் பொருள், கோழி நாள் முழுவதும் கொட்டகைக்குள்ளேயே இருந்திருக்கலாம்.